விரதச் சமையலும் ஐபிஎஸ் வயிறும்: பருப்பைக் கையாளும் முறை

தைப்பூச விரதம் தொடங்கியதும் வெங்காயமும் பூண்டும் அடுப்படியை விட்டு வெளியேறிவிடும். ஐபிஎஸ் எனப்படும் குடல் எரிச்சல் கோளாறு உள்ள வயிற்றுக்கு எழுதித் தரப்படும் குறை ஃபாட்மேப் உணவு முறையிலும் முதலில் அடிபடுவது அந்த இரண்டும்தான். பாதி வேலை தானாகவே முடிந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் கறியும் மீனும் இருந்த இடத்தில் பருப்பு, பால், வாழைப்பழம், சப்பாத்தி எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும். விரத நாளில் வயிறு வழக்கத்தைவிட அதிகமாக உப்புவதற்குக் காரணம் இதுதான்.

ஃபாட்மேப் என்பது சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில சர்க்கரை வகைகளின் கூட்டுப் பெயர். அவை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். பெருங்குடலுக்குப் போனதும் கிருமிகள் அவற்றைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய உணவு முறை இது. கடுமையான கட்டம் 2 முதல் 6 வாரம் மட்டுமே. கோதுமையை நிறுத்துவதற்கு முன், கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிறுத்திய பிறகு எடுத்தால் முடிவு தவறாக வரலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது போன்றவை இருந்தால் சமையலை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

இனி பருப்பு. இதில் தொல்லை தரும் சர்க்கரைகள் தண்ணீரில் கரையும். ஆகவே பருப்பை ஊறவைத்த தண்ணீரையும் வேகவைத்த தண்ணீரையும் கொட்டிவிட வேண்டும். நம் வீடுகளில் பருப்புத் தண்ணீரைக் கொட்ட யாருக்கும் மனசு வராது. எடுத்து வைத்து ரசம் வைப்போம். ஐபிஎஸ் உள்ளவருக்கு அந்த ரசம்தான் முதல் எதிரி. பருப்பிலிருந்து பிரிந்த சர்க்கரை அத்தனையும் அதில்தான் இருக்கும். ரசம் வேண்டுமென்றால் மிளகு, சீரகம், புளி, பெருங்காயம் போதும்.

4 பேருக்குச் சாம்பார் வைக்க மைசூர்ப் பருப்பு 3 மேசைக்கரண்டி, அதாவது சுமார் 40 கிராம் எடுங்கள். பார்க்கக் கொஞ்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் கூட்டாதீர்கள். 4 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, கழுவி, 1 லிட்டர் கொதிநீரில் திறந்த பாத்திரத்தில் வேகவையுங்கள். குக்கர் வேண்டாம், பருப்பும் தண்ணீரும் ஒன்றாகக் குழைந்துவிட்டால் வடிக்க முடியாது. 7 நிமிடத்தில் ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். உடைய வேண்டும், ஆனால் உருவம் கலைந்திருக்கக் கூடாது. அந்தப் பதத்தில் வடிகட்டிவிடுங்கள். இன்னும் 3 நிமிடம் விட்டால் பாதிப் பருப்பு தண்ணீரோடு சிங்கில் போய்விடும்.

சாம்பார்த் தூளை வீட்டிலேயே வறுத்துக்கொள்வது நல்லது. கடையில் வாங்கும் தூளில் கடலைப் பருப்பும் உளுந்தும் சேர்ந்திருக்கும். மல்லி 2 மேசைக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி, வெந்தயம் கால் தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் 3. மிளகாய் ஃபாட்மேப் கணக்கில் வராது. ஆனாலும் காரம் குடலை உறுத்தும் என்பதால் 3க்கு மேல் போக வேண்டாம். மிக்சி ஜாரில் முன்பு சின்ன வெங்காயம் அரைத்திருந்தால் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள். விரதத்துக்கென்று தனி ஜார் வைத்திருக்கும் வீட்டில் இந்தக் கவலை இல்லை.

எலுமிச்சை அளவு புளியை 2 கப் தண்ணீரில் கரைத்து, கேரட் 1, உருளைக்கிழங்கு 1, சின்னக் கத்தரிக்காய் 3, தக்காளி 1, மஞ்சள், உப்பு, வறுத்து அரைத்த தூள் சேர்த்துக் காய் வேகும்வரை கொதிக்கவிடுங்கள். பிறகு வடித்த பருப்பைப் போடுங்கள். குழம்பு நீர்த்துத்தான் இருக்கும். வெந்த உருளைக்கிழங்கில் இரண்டு துண்டை மசித்துவிட்டால் கெட்டியாகிவிடும். கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கடைசியில் சூடான எண்ணெயில் பெருங்காயத்தைப் பொரியவிடுங்கள். வெங்காய வாசனை இல்லாத குறையை அது ஈடுகட்டும். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ஒரு சிட்டிகையால் ஐபிஎஸ்ஸுக்குப் பாதிப்பு வராது. சீலியாக் இருந்தால் அரிசி மாவு சேர்த்ததைத் தேடி வாங்க வேண்டும்.

பருப்பைக் குறைத்த பிறகு புரதத்துக்கு என்ன செய்வது? மலேசியாவின் சுங்கை சிப்புட், பீடோர் போன்ற தோட்டப் பட்டணங்களில் அதற்குக் குறைவே இல்லை. காலைப் பசாரில் (சந்தையில்) தௌகுவாவும், சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பேயும் கிடைக்கும். தௌகுவா அழுத்திப் பிழிந்த கெட்டித் தௌபு, அதாவது சோயாப்பால் கட்டி. பிழியும் தண்ணீரோடு சர்க்கரையும் போய்விடும். கரண்டியில் வழுக்கும் மெத்துத் தௌபுவில் அந்தத் தண்ணீர் அப்படியே இருப்பதால் அது ஆகாது. சோயா சங்ஸ் எனப்படும் காய்ந்த உருண்டையும் ஆகாது. தெம்பே வாங்கும்போது வெள்ளைப் பூசணத்தில் கருப்புப் புள்ளி இருந்தால் பயமில்லை. இளஞ்சிவப்பு நிறமோ பிசுபிசுப்போ கண்டால் வேண்டாம். 200 கிராம் தெம்பேயை விரல் தடிமனில் நறுக்கி 10 நிமிடம் ஆவியில் வைத்தால் கசப்பு போகும். பிறகு மஞ்சள், மிளகுத்தூள், கறிவேப்பிலை போட்டு மொறுமொறுவென்று வறுத்தெடுங்கள்.

தேங்காய்ப்பால் ஒருவருக்கு 60 மில்லி என்ற அளவில் நிறுத்துங்கள். காலையில் புட்டு மாயமோ (இடியாப்பம்) வீட்டில் பிரட்டிய மீகூனோ (அரிசிச் சேமியா) நல்லது. உளுந்து சேர்வதால் இட்லியை இரண்டோடு தொடங்கிப் பாருங்கள். தே தாரேக் என்ற இழுத்து ஆற்றும் டீயில் கெட்டிப்பால், அதில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை. பால் சேர்க்காத லேசான தே ஓ குடிக்கலாம். பழத்தில் பப்பாளி, அன்னாசி, ஆரஞ்சு சரி. மாம்பழமும் தர்ப்பூசணியும் வேண்டாம். நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தில் ஃபுரக்டான் என்ற ஃபாட்மேப் சர்க்கரை கூடிவிடும். அதோடு தேனும் பேரீச்சையும் சேரும் பஞ்சாமிர்தத்தைப் பிரசாதமாக அரைத் தேக்கரண்டி நாக்கில் வைத்துக்கொள்ளலாம், கிண்ணம் கிண்ணமாக வேண்டாம். பாக்கெட் வாங்கினால் லேபிளில் 'பாவாங்' (வெங்காயம்), 'பாவாங் பூத்தே' (பூண்டு), 'தெப்போங் கண்டும்' (கோதுமை மாவு) என்ற மலாய்ச் சொற்களைத் தேடிப் பாருங்கள்.

ஒருவேளை மட்டும் உண்டு விரதம் இருப்பவர்கள் நாள் முழுவதும் வெறும் வயிற்றோடு இருந்துவிட்டு ஒரே தட்டில் எல்லாவற்றையும் சாப்பிட்டால், நல்ல உணவாக இருந்தாலும் வலிக்கும். ஒவ்வொன்றும் அளவுக்குள் இருந்தாலும் மொத்தமாகக் கூடிவிடுகிறது. அந்த ஒருவேளைச் சாப்பாட்டை 2 முதல் 3 மணி நேர இடைவெளியில் இரண்டாகப் பிரித்துச் சாப்பிட முடியுமா என்று பாருங்கள்.

48 நாள் மண்டல விரதம் 6 வாரத்தைத் தாண்டிவிடும். அதனால் கடுமையான கட்டத்தை விரதத்துக்கு 3 வாரம் முன்பே தொடங்கினால் வசதி. விரதத்தில் அனுமதி உள்ள பால், பருப்பு, கோதுமை மூன்றையும் விரத நாட்களுக்குள்ளேயே ஒவ்வொன்றாகச் சோதித்துவிடலாம். ஒரு பொருளை 3 நாள் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்; பின் 3 நாள் நிறுத்தி வயிறு அடங்கியதும் அடுத்ததற்குப் போங்கள். வெங்காயம், பூண்டு சோதனையைக் காவடி இறக்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். அப்போதும் இரண்டையும் ஒரே வாரத்தில் சேர்க்காதீர்கள். வயிற்றைக் கெடுத்தது எது என்று தெரியாமல் போய்விடும்.