பழைய தெரு, சின்ன மனை: குமரி மாவட்டத்தில் குறைந்த செலவில் வீடு

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே வருடத்தில் பெய்யும் மாவட்டம் குமரி. சுவர் முழுதாகக் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். மலிவாகக் கட்டிய வீடுகள் சில வருடங்களிலேயே செலவு வைப்பதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். அதனால் கூரை, அஸ்திவாரம், ஓடை மூன்றிலும் கை சுருக்காதீர்கள். மிச்சம் பிடிக்க சுவரும் மரவேலையும் இருக்கின்றன.

கோட்டாறு, வடசேரி, தக்கலை, குளச்சல் பகுதிகளின் பழைய தெருக்களில் மனை 2 அல்லது 3 சென்ட்தான். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே பொதுச்சுவர். அங்கே ஒருவர் தன் வீட்டை மட்டும் உயர்த்திக் கட்டினால் மழைத்தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகும். தெருவில் நாலைந்து குடும்பமாவது சேர்ந்து திட்டமிடுவது நல்லெண்ணத்துக்காக அல்ல, செலவைக் குறைக்கத்தான்.

பத்திரத்திலிருந்து தொடங்குங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ இருப்பதால்தான் அரசு வீட்டுத் திட்டப் பணம் பலருக்குத் தள்ளிப்போகிறது. வாரிசுச் சான்று வாங்கி, பாகப்பிரிவினையைப் பதிவு செய்து, உட்பிரிவோடு பட்டா மாற்ற மாதக்கணக்கில் ஆகும். கொத்தனாரைத் தேடுவதற்கு முன்பே அதற்கு மனு கொடுங்கள். கிராம ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய் கிடைக்கும். வீடு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளமாக இருக்க வேண்டும். வீடு முழுக்க ஓடு போட நினைப்பவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள். திட்டத்தில் சேராமல் சொந்தமாகக் கட்டுகிறவர்களுக்கு, விதிப்படி கட்டுவதாக நாமே உறுதி கொடுக்கும் சுயசான்று முறை 2024 ஜூலையில் வந்திருக்கிறது. 2500 சதுர அடிக்குள் மனை, 3500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளம் அல்லது அதன்மேல் ஒரு மாடி என்றால் ஆன்லைனில் உடனே அனுமதி எடுக்கலாம். 3 சென்ட் என்பது 1307 சதுர அடிதான், ஆகவே பெரும்பாலானவர்கள் இதற்குள் வந்துவிடுவார்கள். கடற்கரை ஒழுங்குமுறை எல்லையிலும் மலைப்பகுதிக் கிராமங்களிலும் விதி வேறு, தனியாக விசாரியுங்கள்.

அடுத்தது மட்டம். தெரு ஓடை எந்தச் சிறுபாலத்தில் (கல்வெர்ட்) போய் விழுகிறதோ அங்கே தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டத்தை வைத்து, ஒவ்வொரு வாசற்படிக்கும் அளவு எடுங்கள். ஓடைக்கு மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் வாட்டம் (சரிவு) வேண்டும். 50 மீட்டர் தெருவுக்கு 25 சென்டிமீட்டர். அந்த அளவு கிடைக்காத தெருவில் எவ்வளவு அகலமாக ஓடை கட்டினாலும் சேறுதான் தங்கும். ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் பல பழைய வீடுகள் ரோட்டுக்குக் கீழே போய்விட்டன. மறுபடி ரோடு போட வரும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டே போட வேண்டும் என்று தெருவாசிகள் எல்லோரும் கையெழுத்திட்டு முன்கூட்டியே மனு கொடுங்கள். புதிய வீட்டின் தரை ரோட்டிலிருந்து ஒன்றரை அடியாவது உயரம் இருக்கட்டும்.

உடைப்பதா, வைத்துக்கொள்வதா?

சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவரோ வெட்டுக்கல் சுவரோ நேராக நின்றால் உடைக்க வேண்டாம். தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியே சாய்ந்திருந்தாலோ, மூலையில் மேலிருந்து கீழ்வரை அகலமான விரிசல் ஓடினாலோதான் இடித்து இறக்க வேண்டும். அடியில் மட்டும் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தால் அந்தப் பூச்சை இரண்டடிக்கு உதிர்த்துவிட்டு, 1:3 சுண்ணாம்பு, மணல் கலவையால் பூசுங்கள். இந்த இடத்தில் சிமெண்ட் பூசத்தான் எல்லாருக்கும் கை போகும். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. அது சுவருக்குள்ளேயே மேலேறி, அடுத்த மழைக்காலத்தில் நாலடி உயரத்தில் உப்பாக வெளிவரும்.

பழைய வீட்டின் பலா, அயனி, தேக்குக் கதவு ஜன்னல்களைக் கழற்றி எண்போட்டு வையுங்கள். புது நிலைகளை அவற்றின் அளவுக்குச் செய்யுங்கள். நேர்மாறாகச் செய்தால் ஆசாரி கூலியே புதுக்கதவு விலைக்கு வந்துவிடும்.

வீடு பொதுச்சுவரில் ஒட்டியிருந்தால் அதை இடித்து இறக்கும் முன் பக்கத்து வீட்டு உத்திரத்துக்கு முட்டுக்கொடுங்கள். வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும்போது பக்கத்து அஸ்திவாரத்தை ஒட்டி ஒரே நீளமாகத் தோண்டாமல் மூன்று நான்கு அடித் துண்டாகத் தோண்டி, கல் கட்டி, மண் நிரப்பி, அப்புறம் அடுத்த துண்டுக்குப் போங்கள். ஒரே நாளில் ஜேசிபி விட்டுத் தோண்டினால் பக்கத்து வீட்டுச் சுவர் விரியும். பிறகு செலவும் சண்டையும் உங்களுக்குத்தான்.

சுவர்

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் பரவலாக்கிய ராட்-ட்ராப் கட்டு இங்கே நன்றாகப் பொருந்தும். செங்கலைப் படுக்க வைக்காமல் ஓரத்தில் நிறுத்தி 9 அங்குலச் சுவர் கட்டுவது இந்த முறை. நடுவில் சுமார் 3 அங்குல இடைவெளி கிடைக்கும், வெயில் உள்ளே இறங்குவது குறையும். செங்கலில் கால்வாசி மிச்சம், கலவையும் குறையும். தரைமட்டத்துக்குக் கீழே இதைச் செய்யாதீர்கள். தரைமட்ட வரிசை, ஜன்னலின் அடி வரிசை, லிண்டலின் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் உத்திரம்) அடி வரிசை, நிலைகளின் இரு ஓரம் ஆகியவற்றைக் கெட்டியாகக் கட்ட வேண்டும்.

பழக்கமில்லாத கொத்தனார் கை வைத்தால் கலவை முழுக்க இடைவெளிக்குள் விழும். மூன்றங்குல அகலத்துக்கு ஒரு மரச்சட்டத்தைச் செதுக்கி, அதை இடைவெளியின் மேல் வைத்துவிட்டு இருபுறமும் கலவை போடச் சொல்லுங்கள். கல் வைக்கும் முன் சட்டத்தை எடுத்துவிட வேண்டும். அளவு ஒத்துவராத நாட்டுச் செங்கல் என்றால் இந்த முறையை விட்டுவிடுங்கள். கோணல் கல்லைச் சரிக்கட்ட ஆகும் பூச்சு, மிச்சத்தை முழுக்கத் தின்றுவிடும். கரண்ட் பைப் எங்கே வரும் என்பதைச் சுவர் எழும்பும் முன்பே குறித்துக்கொடுங்கள். பிறகு சுவரைக் குடைந்தால் ஓரத்தில் நிற்கும் செங்கல் உடைந்துபோகும்.

கூரை

உள்நாட்டு ஊர்களில் தளத்துக்கு ஃபில்லர் ஸ்லாப் போடலாம். கம்பிக் கட்டங்களுக்குள் இரண்டிரண்டு ஓடுகளை ஜோடியாக அடுக்கி, மேலே 2 அங்குலமாவது கான்கிரீட் வரும்படி போடுவது. ஓட்டை முந்தின நாளே ஊறவையுங்கள். காய்ந்த ஓடு கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சிவிடும், அந்த இடம் பொடிப்பொடியாகும். சுவரை ஒட்டிய பகுதியில் ஓடு வைக்கக் கூடாது. கம்பிக் கணக்கை இன்ஜினியரிடம் வாங்குங்கள்.

குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்களில் இந்தத் தளம் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. உப்புக்காற்றில் கம்பியை மூடி 45 மில்லிமீட்டர் கான்கிரீட்டும் (கவர்), எம்30 என்ற வலுவான தரக் கான்கிரீட்டும் வேண்டும் என்கிறது இந்தியக் கான்கிரீட் தரவிதியான ஐ.எஸ். 456, மெல்லிய தளத்தில் அதற்கு இடமில்லை. அங்கே கடல் மணலைக் கலக்கவே கலக்காதீர்கள்.

ஓட்டுக்கூரைக்கு 100 சதுர அடிக்குச் சுமார் 150 ஓடு. சரிவு 30 பாகை இருக்கட்டும். ரீப்பர் (ஓட்டைத் தாங்கும் மரச்சட்டம்) இடைவெளியைக் கையிலிருக்கும் ஓட்டை அளந்தே முடிவு செய்யுங்கள், பழைய ஓடும் புது ஓடும் ஒரே கூரையில் பொருந்தாது. பழைய ஓட்டைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி போடுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடினால் அதை ஒதுக்கிவிடுங்கள். 2017 நவம்பரில் ஒக்கி புயல் அடித்த மாவட்டம் இது. கூரை ஓரத்தின் கடைசி மூன்று வரிசையையும் முகட்டு ஓட்டையும் கம்பியால் கட்டாமல் விடக் கூடாது. மேற்குப் பக்கம் கூரை இரண்டடி வெளியே நீளட்டும், சாரல் அந்தப் பக்கம்தான் அடிக்கும்.

கழிப்பறையும் தெருவும்

5 பேர் வீட்டுக்குச் செப்டிக் டேங்க் உள்ளளவு 1.5 மீட்டர் நீளம், 0.75 அகலம், தண்ணீர் ஆழம் 1 மீட்டர், அதற்கு மேல் 30 சென்டிமீட்டர் காலி. டேங்க் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழி கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். 3 சென்ட் மனையில் இது முடியாது என்பார்கள், தனித்தனியாக முடியாதுதான். நாலு வீடு சேர்ந்தால் ஒரு பொது டேங்குக்கு இடம் கிடைக்கும். கழிவு உறிஞ்சும் லாரி வரும் பக்கமாக மூடியை வையுங்கள். டேங்க் தண்ணீரைக் கால்வாயிலோ குளத்திலோ திருப்பாதீர்கள்.

மழைநீர்க் கணக்கு எளிது: 500 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 400 லிட்டர் பிடிக்கலாம். முதல் பத்து நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு மீதியைக் கிணற்றுக்குத் திருப்புங்கள்.

தெருவில் பேவர் பிளாக் (சிமெண்ட் கல்) பதிப்பது கடைசி வேலை. ஓடை, குழி, குடிநீர்க் குழாய் மூன்றும் முடியாமல் கல் பதித்தால் ஆறு மாதத்தில் தோண்டுவார்கள், திரும்ப மட்டமாக வராது. பழைய மண்சுவர், வெட்டுக்கல் சுவர்களின் அடியில் ஓரடி அகலத்தைச் சரளை மட்டும் போட்டுத் திறந்தே விடுங்கள். கல்லுக்கு அடியில் மணல் 2 அங்குலம், வாட்டம் ஓடைப் பக்கம். ஒப்பந்தக்காரர் பதிக்கத் தொடங்கும் அன்றே ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்.