கீதைதான் நம் வேதமா? சுருதி, சுமிருதி பற்றி நாம் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம் ஒரு கோயிலில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு எடுக்கிறேன். "உங்க வேதம் எதுன்னு ஸ்கூல்ல கேட்டாங்க அங்கிள், கீதைன்னு சொல்லிட்டேன், சரிதானே?" என்று வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும்.

சரியில்லை. கீதை மகாபாரதத்தின் பீஷ்ம பருவத்தில் வருகிறது. 18 அத்தியாயம், 700 சுலோகம். மகாபாரதம் இதிகாசம். இதிகாசம், புராணம், மனு, பராசரர் பெயரில் உள்ள தர்ம நூல்கள் எல்லாம் சுமிருதி, அதாவது பெரியோர் நினைவில் வைத்துச் சொன்னவை. நான்கு வேதங்களும் அவற்றுள் அடங்கும் உபநிடதங்களும்தான் சுருதி, கேட்கப்பட்டவை.

உடனே "அப்போ கீதை மட்டமா?" என்பார்கள். அதுவும் தவறு. வேதாந்திகள் கீதையைச் சுமிருதி என்று சொல்லிக்கொண்டே, உபநிடதம், பிரம்ம சூத்திரம் இரண்டோடும் சேர்த்து மூன்று அடிப்படை நூல்களில் ஒன்றாக வைத்தார்கள். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் நமக்கு விட்டுப்போன திரௌபதை அம்மன் பூமிதியும் பாரதக் கூத்தும் சுமிருதி தந்தவைதாம். அதை யாரும் மட்டமாகப் பேச நான் விடமாட்டேன்.

எனக்கு அதிகம் வருத்தம் தரும் தவறு வேறு. 'கடவுள் ஒருவரைக் கூப்பிட்டுச் சொன்னார், அவர் எழுதி வைத்தார்' என்று சுருதியை விளக்குகிறோம். சர்ச்சும் மசூதியும் பக்கத்திலேயே இருக்கும் ஊரில் அந்த விளக்கம் சுலபமாக வாயில் வந்துவிடுகிறது. வேத வாக்கியங்களின் பொருளை ஆராய்ந்த மீமாம்சகர் கொள்கைப்படி வேதத்துக்கு ஆசிரியரே கிடையாது, கடவுள்கூட இல்லை. அபௌருஷேயம் என்பார்கள். ரிஷி மந்திரத்தைக் கண்டவர், இயற்றியவர் அல்லர். தர்க்கத்தை முதன்மையாகக் கொண்ட நியாய மரபினர் இதை ஒப்பவில்லை. ஈசுவரன் சொன்னதுதான் வேதம் என்று வாதாடினார்கள். இந்த வழக்கைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். சொல்லிப் பாருங்கள், கண் விரியக் கேட்பார்கள்.

சுருதியும் சுமிருதியும் முரண்பட்டால் சுருதியே நிற்கும். மனு சொன்னதைக் கல்யாண வீட்டில் யாராவது "வேதத்திலேயே இருக்கு" என்று அடித்துப் பேசினால், எந்த வேதம், எந்த இடம் என்று கேளுங்கள்.

சமஸ்கிருதத்தில் இருப்பதெல்லாம் வேதமும் அல்ல. விஷ்ணு சகஸ்ரநாமம் மகாபாரதத்தின் அனுசாசன பருவத்தில் உள்ளது. தமிழில் இருப்பதால் ஒரு நூல் தாழ்ந்தும் போகாது. சைவருக்கு ஆகமமும் இறைவன் அருளியதே. "வேதமொடு ஆகமம் மெய்யாம் இறைவன்நூல்" என்பது திருமந்திரம். வைணவர் திருவாய்மொழியைத் திராவிட வேதம் என்பர். இவற்றை வலிந்து சுமிருதியில் சேர்க்க வேண்டாம்.

அப்புறம், இங்கிலீஷ் எழுத்தில் அச்சடித்த தாளைப் பார்த்து ஸ்ரீருத்ரம் ஓதுவது. தோத்திரம் என்றால் பரவாயில்லை. ருத்ரம் யஜுர் வேதத்தின் தைத்திரீய சம்ஹிதையில் உள்ளது, சுருதி. எழுத்தும் சுரமும் பிசகக் கூடாது என்றுதான் பதம், கிரமம், ஜடை, கனம் என்ற முறைகளில் சொற்களைப் பிரித்தும் மாற்றி மாற்றிச் சேர்த்தும் ஓதிக் காத்தார்கள். குறுந்தொகைகூட வேதத்தை "எழுதாக் கற்பு", அதாவது எழுதாமல் கற்கும் கல்வி, என்கிறது. குருக்கள் சொல்லச் சொல்லக் காதால்தான் வாங்க வேண்டும். எங்கள் வகுப்பில் ருத்ரத்தின் முதல் அனுவாகத்துக்கே, அதாவது முதல் பகுதிக்கே, ஆறு மாதம் ஆயிற்று. இரண்டு பிள்ளைகளுக்குச் சுரம் இன்னும் நிற்கவில்லை, அதனால் இரண்டாவதை நாங்கள் தொடங்கவில்லை.