அரை நாள் போதும்: சமணர் மலையும் சிங்கப்பூர் மேட்டுப் பாதையும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் "எங்கேயாவது போயிட்டு வருவோமே" என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்தால் அது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். எட்டு மணிக்கு இட்லி, ஒன்பதுக்குக் குளியல், பத்துக்கு வண்டியில் பெட்ரோல், பதினொன்றரைக்கு ஏதோ ஒரு பாறை மேல் உச்சி வெயிலில் நின்று ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்வது. எங்கள் வீட்டில் பல வருஷம் இதுதான் நடந்தது. அப்புறம் ஒரு வழக்கத்துக்கு வந்தோம்: இடத்தை முதல் நாள் ராத்திரியே முடிவு செய்துவிட வேண்டும், அதுவும் ஒரே ஒரு இடம், விடியும்போது அங்கே இருக்க வேண்டும், வெயில் ஏறும்போது சாப்பாட்டைப் பார்த்து இறங்கிவிட வேண்டும். மதுரையைச் சுற்றிப் பழகிய இந்த வழக்கம், சிங்கப்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனபோதும் அப்படியே கை கொடுத்தது. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் மதுரை. புதிதாக நடக்க ஆரம்பிப்பவர்களை நான் கீழக்குயில்குடி சமணர் மலைக்குத்தான் அனுப்புவேன். தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டை வரை பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை, அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் ஊர் வந்துவிடும். ஆட்டோக்காரரிடம் ஏறும் முன்பே திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். நான் ஒரு முறை பேசாமல் ஏறி, இறங்கியபின் ஒரு தொகை கேட்கப்பட்டு, விடிகாலையில் அய்யனார் சாட்சியாகச் சண்டை போட்டிருக்கிறேன், அந்த நாளே கெட்டுவிட்டது.

மலையடிவாரத்தில் தாமரைக்குளம், பெரிய பெரிய ஆலமரங்கள், அய்யனார் கோயில். இங்கேயே அரை மணி நேரம் உட்காரலாம், பாட்டி தாத்தாவைக் கூட்டி வந்திருந்தால் அவர்களுக்கு இதுவே போதும், அவர்களை மலை ஏறச் சொல்லி வம்பு செய்யாதீர்கள். நமக்கு, கோயிலை ஒட்டிப் பாறையில் வெட்டிய படிகள் மேலே போகின்றன. ஆறு, ஆறேகாலுக்கெல்லாம் ஏற ஆரம்பித்துவிடுங்கள். பாறை இரவெல்லாம் ஆறிக் காலுக்குச் சில்லென்று இருக்கும், அதே பாறை பத்து மணிக்குத் தோசைக்கல்.

முக்கால்வாசிப் பேர் விறுவிறுவென்று உச்சிக்கு ஏறி, செல்ஃபி எடுத்து, அதே வேகத்தில் இறங்கிவிடுகிறார்கள். பாதி வழியில் இருக்கும் பேச்சிப்பள்ளத்தை விட்டுவிட்டால் வந்ததே வீண். அங்கே ஒரு சுனை, அதற்கு மேலே பாறையின் முகத்தில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள், சமண சமயக் குருமார்களான தீர்த்தங்கரர்களும் பாகுபலி என்ற சமணத் துறவியும். 9, 10ஆம் நூற்றாண்டு வேலை. அடியில் வட்டெழுத்து, அதாவது வளைவு வளைவான பழைய தமிழ் எழுத்து. காலைச் சூரியன் பக்கவாட்டில் விழும்போதுதான் எழுத்தின் பள்ளம் கண்ணுக்குத் தெரியும், நேர் வெயிலில் வெறும் பாறை மாதிரி இருக்கும், சீக்கிரம் போகச் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம். அதில் ஒரு கல்வெட்டு, அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்கிறது. அச்சணந்தி என்பவர் தமிழ்நாட்டுச் சமண மலைகளில் பல இடங்களில் பெயர் வரும் துறவி. மகன் வீட்டை விட்டுத் துறவியாகப் போய்விட்டான், அம்மா ஒரு சிற்பம் செய்யச் சொல்லித் தன் பெயரையும் பொறிக்கச் சொல்லியிருக்கிறாள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் "அச்சணந்தி தாயார்" என்றே அவள் அங்கே நிற்கிறாள். நான் போகும்போதெல்லாம் அந்த இடத்தில்தான் தண்ணீர் பாட்டிலைத் திறப்பேன்.

சுனைக்கு மேலே இன்னும் கொஞ்சம் ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி இருந்த இடம். பராந்தக வீரநாராயண பாண்டியன் தன் ராணி வானவன்மாதேவி பெயரில் எழுப்பிய சமணப் பள்ளி, அதாவது துறவிகள் தங்கிய மடம், இப்போது அடித்தளம் மட்டும் மிச்சம். அதையும் தாண்டி உச்சியில் ஒரு தீபத்தூண், பக்கத்தில் கன்னடக் கல்வெட்டு. மதுரையில் எதற்குக் கன்னடம் என்று பையன் கேட்டான். கர்நாடகத்திலிருந்தும் சமணர்கள் வந்து போயிருக்கிறார்கள் என்று சொன்னேன். உச்சியிலிருந்து பார்த்தால் நாகமலை பாம்பு படுத்தது போலவே நீளமாகக் கிடக்கும். மதுரையை அழிக்கச் சமணர்கள் ஏவிய பாம்புதான் அது என்று திருவிளையாடல் கதை சொல்கிறது. ஏவியதாகச் சொல்லப்படுகிறவர்களின் மலை மேல் நின்றுகொண்டே அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது தனி ருசி.

இறங்கியபின் கால் தெம்பு இருந்தால், அடிவாரத்தைச் சுற்றி மலையின் மறுபக்கம் போய்ச் செட்டிப்புடவையும் பார்த்துவிடுங்கள். புடவு என்றால் குகை. வெளியே உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரரை ஊரில் செட்டியார் ஆக்கிவிட்டார்கள், பெயர் அப்படி வந்தது. உள்ளே குனிந்து போய் மேலே பாருங்கள்: சிங்கத்தின் மேல் வில்லோடு ஒரு இயக்கி, அதாவது சமணர்களின் காவல் தேவதை, எதிரே யானை மேல் வருகிறவனோடு சண்டை போடுகிறாள். போன் டார்ச்சைச் சிற்பத்தின் மேல் நேராக அடிக்காமல் ஓரத்திலிருந்து காட்டினால் சிங்கத்தின் முகம் வரைக்கும் எழுந்து வரும். இவ்வளவும் முடிக்க மூன்று மணி நேரம் ஆகும், ஒன்பதரைக்குக் கீழே இருப்பீர்கள். எட்டரை ஆனாலே சாப்பாட்டுப் பையைத் தடவுகிறவர்கள் எங்கள் கூட்டத்தில் உண்டு, அதனால் பொடி தடவிய இட்லியை வாழை இலையில் கட்டிக்கொண்டு போவோம். இலையைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள், தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம் என்பது ஒரு பக்கம், நாளைக்கு நாமே திரும்ப வரப் போகிறோம் என்பது இன்னொரு பக்கம்.

இது பழகியபின் அரிட்டாபட்டி. மேலூர் பக்கம், மதுரையிலிருந்து 25 கிலோமீட்டர் போல, சொந்த வண்டி இருந்தால் நிம்மதி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2024இல் இந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் நடந்து, ஊர்க்காரர்கள் திரண்டு எதிர்த்து, 2025 ஜனவரியில் அது ரத்தானது. குடைவரைச் சிவன் கோயில், தடியோடு உட்கார்ந்திருக்கும் லகுலீசர் என்ற சிவ வடிவம், குகையின் நெற்றியில் 2,000 வருஷத்துக்கு மேற்பட்ட தமிழி (தமிழ் பிராமி) எழுத்து எல்லாம் இருந்தாலும், என் கணக்கில் அங்கே போவது வல்லூறு பார்க்கத்தான். பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர் ஒருவரிடம் வழி கேட்டுக்கொண்டு போனால் நீங்களாகத் தேடியதைவிட நாலு மடங்கு பார்ப்பீர்கள்.

மலையேற்றமே வேண்டாம், நிழலில் நடந்தால் போதும் என்பவர்களுக்கு அழகர்கோவில் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கை வரை தார் ரோட்டில் மரநிழலில் நடை. ஒரே தொந்தரவு குரங்கு. கையில் பிளாஸ்டிக் பை சரசரத்தால் போச்சு, என் மனைவியின் கைப்பை ஒன்று பழமுதிர்சோலைக்குப் பக்கத்தில் ஒரு மரத்தின் உச்சிக்குப் போய், மூக்குக்கண்ணாடிக் கூடு மட்டும் திரும்பி வந்தது.

சரி, சிங்கப்பூர். விசாவை இங்கேயே முகவர் மூலம் எடுத்துவிட வேண்டும். வருகை அட்டையை இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அது இலவசம், காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். எங்களுக்குத் திருச்சியிலிருந்து நேர் விமானம் வசதி.

போனவர்கள் எல்லோரும் கட்டணம் கட்டிப் பார்க்கும் இடங்களைத்தான் பட்டியல் போடுவார்கள். நான் காசில்லாத ஒன்றைச் சொல்கிறேன்: சதர்ன் ரிட்ஜஸ், தெற்குக் கரையோர மேடுகளை இணைக்கும் 10 கிலோமீட்டர் நடைபாதை. பத்தையும் நடக்க வேண்டியதில்லை. மவுண்ட் ஃபேபரில் தொடங்கி அலெக்ஸாண்ட்ரா ஆர்ச் பாலம் வரை நடந்தாலே நெஞ்சு நிறைந்துவிடும், நின்று நிதானமாக நடந்தால் இரண்டரை மணி நேரம்.

ஹார்பர்ஃபிரண்ட் ரயில் நிலையத்தில் இறங்கினால் மராங் பாதை என்று ஒரு படிக்கட்டு வழி காட்டுக்குள் ஏறும். 800 மீட்டர்தான், ஆனால் அந்த ஊர்ப் புழுக்கத்தில் மேலே போய்ச் சேரும்போது சட்டையைப் பிழியலாம். முட்டிவலிக்காரர்கள் டாக்சியில் உச்சி வரை போய்விடலாம், மற்றதெல்லாம் பெரும்பாலும் சமமும் இறக்கமும்தான். அங்கே கேபிள் கார் டிக்கெட் கவுன்டர் உங்களைப் பார்த்துச் சிரிக்கும், நடக்க வந்த அன்றைக்கு அதைக் கண்டுகொள்ளாமல் போங்கள்.

அடுத்தது ஹெண்டர்சன் வேவ்ஸ். சாலைக்கு 36 மீட்டர் மேலே, 274 மீட்டர் நீளத்துக்கு அலை அலையாக வளைந்து போகும் மரத்தளப் பாலம், 2008இல் திறந்தது. வளைவு மேலெழும் இடங்களில் உள்ளே பொந்து மாதிரி உட்கார இடம் விட்டிருக்கிறார்கள். காலையில் போனால் சீனத் தாத்தாக்கள் அங்கே உடம்பை வளைத்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் போனபோது அக்கா ஒரு பொந்தில் காலை நீட்டிப் படுத்தவள் இருபது நிமிஷம் எழுந்திருக்கவில்லை, பன்னிரண்டு மாடி உயரத்தில் இப்படிக் காற்று வாங்க வேறு எங்கே விடுவார்கள் என்றாள்.

அதற்கு அப்பால் தெலோக் பிளாங்கா குன்றைக் கடந்தால் ஃபாரஸ்ட் வாக். இரும்புக் கம்பி வலைத் தளம், 1.3 கிலோமீட்டர், காட்டு மரங்களின் தலை மட்டத்தில் வளைந்து வளைந்து போகிறது. காலுக்குக் கீழே பார்த்தால் வலை ஓட்டை வழியாகத் தரை தெரியும். உயரம் ஆகாதவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தூரத்தைப் பார்த்தே நடக்கட்டும். குதிகால் செருப்பு போட்டுப் போகாதீர்கள், ஓட்டையில் மாட்டும். நம் ஊரில் மரத்தை எப்போதும் அடியிலிருந்துதான் பார்த்திருக்கிறோம், கொழுந்து இலையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்ப்பது புதிதாக இருந்தது. குரங்கு இங்கேயும் உண்டு, ஆனால் தீனி போட்டு மாட்டினால் முதல் முறையே 5,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம், அதனால் அழகர்கோவில் பாசத்தை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நேரக் கணக்கில் ஏமாறாதீர்கள். அந்த ஊரில் வருஷம் முழுக்க ஏழு மணி வாக்கில்தான் விடியும். நான் மதுரைப் பழக்கத்தில் ஐந்தரைக்கு எழுந்து அக்கா மாமா தூக்கத்தைக் கெடுத்ததுதான் மிச்சம். ஏழேகாலுக்கு நடக்க ஆரம்பித்தால் சரியாக இருக்கும். மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் இடியோடு கொட்டும், இடி கேட்டால் பாலத்தில் நிற்கக் கூடாது. ஒரு நாள் மாலையில் போய்த் தங்குமிடம் ஒன்றில் முக்கால் மணி நேரம் குடையோடு ஒண்டியிருந்தோம். தண்ணீர் பாட்டில் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம், குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். கிளம்பும் முன் அந்த ஊர்த் தேசியப் பூங்காக் கழகத்தின் (NParks) இணையதளத்தில் எந்தப் பகுதியாவது பராமரிப்புக்கு மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

அலெக்ஸாண்ட்ரா ஆர்ச்சோடு நிறுத்தலாம். ஆசை விடவில்லை என்றால் ஹார்ட்பார்க் தோட்டம் வழியாகக் கென்ட் ரிட்ஜ் ஏறி புக்கிட் சந்து வரை போகலாம், 1942 பிப்ரவரியில் மலாய் ரெஜிமென்ட் ஜப்பானியரை எதிர்த்துச் சண்டை போட்ட குன்று அது. கீழே பாசிர் பாஞ்சாங் ரயில் நிலையம்.

எங்கே முடித்தாலும் ஹார்பர்ஃபிரண்டுக்குத் திரும்பி வந்து ஊதா நிற ரயில் பாதையில் ஏறுங்கள். ஐந்தாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா, வெளியே வந்தால் தேக்கா மார்க்கெட், சாப்பாட்டுக் கடைகள் அங்கேதான். பதினொன்றரைக்கு முன்னால் போய்விட்டால் மேசை கிடைக்கும், அதற்கப்புறம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு யார் எழுந்திருப்பார்கள் என்று பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். மேசை மேல் ஒரு பேப்பர் டிஷ்யூ பொட்டலம் இருந்தால் அது குப்பை இல்லை, யாரோ இடம் போட்டிருக்கிறார்கள், நம் ஊர் பஸ்ஸில் துண்டு போடுவது மாதிரி. நான் விஷயம் தெரியாமல் அதை எடுத்துக் கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன், மாமா என்னை இழுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.