டாப் ஹேண்டில் பேட்டரி செயின்சா: ஒப்பிட்டு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், மரமேறும் வேலைக்குப் புதிதாக வந்த இரண்டு பையன்கள் என்னிடம் ஒரு பட்டியலைக் காட்டினார்கள். போனில் கட்டம் போட்டு, மரத்தில் ஏறி வெட்டுவதற்கான, கைப்பிடி மேலே இருக்கும் டாப் ஹேண்டில் பேட்டரி செயின்சாக்கள் ஐந்தை வரிசையாக எழுதியிருந்தார்கள்: எத்தனை வோல்ட், பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) எத்தனை அங்குலம், என்ன விலை. முதல் மெஷின் வாங்கும்போது நானும் இதே மூன்றைத்தான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு கடை கடையாக அலைந்தேன். அதற்கு நான் கொடுத்த விலை அதிகம்.

ஹெல்மெட் போடுங்கள், செயின் ஆயில் பாருங்கள் என்பதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

வோல்ட்டைப் பார்த்து முடிவெடுப்பது

ஒரு பெட்டியில் 36 வோல்ட், இன்னொன்றில் 40 வோல்ட் மேக்ஸ். "இதுலதாண்ணே பவர் ஜாஸ்தி" என்றான் ஒருவன். இரண்டிலும் வரிசையாகக் கோத்திருப்பது பத்து லிதியம் செல்கள்தான். செல்லுக்கு 3.6 என்று கணக்குப் போட்டால் 36, 4 என்று போட்டால் 40. 18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ் கதையும் இதுவே. ஹஸ்க்வர்னா கம்பெனியின் டி535ஐ எக்ஸ்பி, டி540ஐ எக்ஸ்பி இரண்டுமே 36 வோல்ட்தான். ஆனால் செயின் வேகம் முதலாவதில் நொடிக்கு 20 மீட்டர், இரண்டாவதில் 24. மரத்தில் அந்த நாலு மீட்டர் நன்றாகவே தெரியும். பேட்டரியை ஒப்பிட வாட் அவர், அதாவது பேட்டரி மொத்தம் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவைப் பாருங்கள். 36 வோல்ட்டை 5 ஆம்பியர் அவரால் பெருக்கினால் 180.

பேட்டரி இல்லாத எடை

ஸ்டில் கம்பெனியின் எம்எஸ்ஏ 161 டி 2.1 கிலோ என்று போட்டிருப்பார்கள். அது பேட்டரி, பார், செயின் எதுவும் இல்லாத எடை. இடுப்பில் தொங்கப்போவது எல்லாம் மாட்டிய மெஷின். கடையில் அப்படியே மாட்டித் தரச் சொல்லி, கையை நீட்டி ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். பெட்ரோல் மெஷினில் டேங்க் காலியாகக் காலியாக எடை குறையும். பேட்டரியில் காலை ஏழு மணி எடைதான் மதியம் மூன்று மணிக்கும்.

சார்ஜரை ஒப்பிடாமல் விடுவது

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அந்தப் பையன்களின் பட்டியலில் சார்ஜருக்கு ஒரு கட்டமே இல்லை. என் நோட்டிலும் இல்லை. இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

நான் வாங்கியது ஒரு மெஷின், ஒரு பேட்டரி, பெட்டியோடு வந்த சின்ன சார்ஜர். மே மாதம், ஒரு கல்யாண மண்டபத்தில் தூங்குமூஞ்சி மரம். சமையல்கட்டின் ஓட்டுக் கூரைக்கு மேலே நீண்டிருந்த கொப்புகளை எடுக்க வேண்டும். பத்தரை மணிக்கு பேட்டரி தீர்ந்தது. இறக்கி சார்ஜரில் போட்டால் சிவப்பு விளக்கு மினுக்குகிறது, சார்ஜ் ஏறவில்லை. பேட்டரி சூடாக இருந்தால் ஆறும்வரை சார்ஜர் ஏற்றாது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நிழலில் வைத்து அரை மணி நேரம் காத்திருந்தோம். அதற்கப்புறம் 180 வாட் அவர் பேட்டரிக்கு 100 வாட் சார்ஜர்: இரண்டு மணி நேரம். கீழே நாலு பேர் கூலிக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். மண்டபத்துக்காரர் வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

பொறுமை இல்லாமல் பாதி சார்ஜில் எடுத்துக்கொண்டு ஏறினேன். பெரிய கொப்பு, கயிறு கட்டியாயிற்று. அடிவெட்டு போட்டு, மேல்வெட்டு முக்கால்வாசி போனபோது மெஷின் நின்றுவிட்டது. வெட்டுவாய் மெல்லத் திறந்துகொண்டிருந்தது. ஓரத்தில் வெளிர்மஞ்சள், நடுவே காப்பிப்பொடி நிறம். கட்டை 'டிக், டிக்' என்று விட்டுக்கொடுக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. "அண்ணே, என்னாச்சு?" என்று கீழிருந்து கேட்கிறார்கள். காலில் கட்டியிருந்த கைவாளை எடுத்து மிச்சத்தை அறுத்து முடித்தேன். கயிறு தாங்கியதால் ஓடு பிழைத்தது. ஒருநாள் வேலை இரண்டு நாளானது. இரண்டாம் நாள் கூலி என் கையிலிருந்து.

ஆகவே வாங்கும் முன் கேளுங்கள்: சார்ஜர் எத்தனை வாட்? பேட்டரியை ஆற்ற உள்ளே ஃபேன் இருக்கிறதா? எண்பது சதவீதம் ஏற எத்தனை நிமிடம்? ஒரு பேட்டரி தீர்வதற்குள் இன்னொன்று ஏறியிருக்க வேண்டும், கணக்கு அவ்வளவுதான். விலையையும் வெறும் மெஷினுக்குப் பார்க்காமல், மெஷின், மூன்று பேட்டரி, வேகமான சார்ஜர் என்று மொத்தமாகக் கூட்டிப் பாருங்கள். என் அனுபவத்தில் மலிவானது என்று நினைத்தது இந்தக் கூட்டலில் விலை கூடியதாகிவிடும். பெரிய பேட்டரி ஒன்றைவிட நடுத்தரம் இரண்டு மேல். ஒன்று வெயிலில் சூடானாலும் மற்றது கையில் இருக்கும், மெஷினும் கனக்காது.

வேலை நடக்கும் இடத்தில் கரண்ட் எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். 500 வாட் சார்ஜரைச் சின்ன இன்வெர்ட்டர் தாங்காது. பேட்டரியை வண்டி டிக்கியில் வெயிலில் போட்டு வைக்காதீர்கள். ஆறட்டும் என்று ஐஸ் பெட்டிக்குள்ளும் வைக்காதீர்கள், ஈரம் கோத்துக்கொள்ளும்.

இப்போதெல்லாம் பெரிய வெட்டுக்குப் போகும் முன் பேட்டரியில் இரண்டு விளக்கு எரிந்தாலும் மாற்றிவிடுகிறேன்.

பெரிய பார்

12 அங்குலம் போதும்.

செயின் அளவைக் கேட்காமல் விடுவது

சில மெஷின்களில் செயினின் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு) கால் அங்குலம், சிலவற்றில் எட்டில் மூன்று அங்குலம். ஸ்டில்லின் கால் அங்குலச் செயினுக்கு 3.2 மில்லிமீட்டர் அரம், உயரம் குறைந்த (லோ புரொஃபைல்) எட்டில் மூன்று செயினுக்கு 4. கால் அங்குலம் கிளை நறுக்க அருமையாக இருக்கும். ஆனால் உங்கள் ஊர்க் கடையில் அந்தச் செயினும் அரமும் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

சத்தம் இல்லாததை நம்புவது

பெட்ரோல் மெஷின் உறுமிக்கொண்டே இருப்பதால் அது உயிரோடு இருப்பது காதுக்குத் தெரியும். இது அப்படி இல்லை. ஆன் செய்த மெஷினை இடுப்பில் தொங்கவிட்டுக் கவட்டை மாறும்போது பிடியும் ட்ரிகரும் மிலாறுக்குள் போய் மாட்டினால் செயின் ஓடிவிடும். எங்கள் பையன் ஒருவனுக்கு இடுப்புக் கயிற்றின் உறை கிழிந்தது, உள்நூல் வெளியே தெரிந்தது. ஒப்பிடும்போது ஆஃப் பட்டன் கையுறை போட்ட விரலுக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். தானாக அணையும் வசதி இருந்தாலும் அதை நம்பாமல், ஒவ்வொரு முறையும் அணைத்த பிறகே தொங்கவிடுங்கள்.

எடை குறைவு என்று ஒற்றைக் கையில் வெட்டுவது

வேண்டாம்.

பெட்ரோல் மெஷினை விற்றுவிடுவது

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபின் டெல்டாவில் பல ஊர்களில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லை. மரமோ ரோடெங்கும் கிடந்தது. புயல் வேலைக்குப் போகிறவர் என்றால் பழைய மெஷினை வைத்துக்கொள்ளுங்கள். நானும் விற்கவில்லை, மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்த்து வைக்கிறேன்.