புளூ மவுண்டன்ஸ் காட்டில் ஓடையும் முகடுமாக ஒரு நெடுநடை: பினாங்கிலிருந்து ஆயத்தமாவது எப்படி

பினாங்கின் கொடிமலைக்கும் தண்ணீர்மலைக்கும் ஏறிப் பழகியவர்களுக்கு மலை என்றால் காலையில் ஏற்றம், வெயில் உறைக்குமுன் இறக்கம். சிட்னிக்கு மேற்கே, இரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் புளூ மவுண்டன்ஸ் அப்படிப்பட்ட மலை அன்று. அது ஓடைகள் அறுத்துக் கூறுபோட்ட மணற்கல் பீடபூமி. ஊரும் இரயில் நிலையமும் கார் நிறுத்துமிடமும் மேல்தளத்தில் இருக்கின்றன. ஓடைகள் பல நூறு மீட்டர் கீழே ஓடுகின்றன. இரண்டுக்கும் இடையே செங்குத்தான பாறைச் சுவர் நிற்கிறது. ஆகவே அங்கே நடை இறக்கத்தில் தொடங்கி ஏற்றத்தில் முடிகிறது. கால்கள் களைத்து, கொண்டுபோன நீர் தீர்ந்து, வெளிச்சமும் குறையும் வேளையில்தான் அன்றைய நாளின் மிகக் கடினமான பகுதி காத்திருக்கும். பினாங்கிலிருந்து அங்கே சென்று ஓடை வழியாகவும் முகட்டின் வழியாகவும் நாள் முழுவதும் நடக்க விரும்புகிறவர்கள் செய்யவேண்டிய ஆயத்தத்தில் பெரும்பகுதி இந்த ஒன்றை மனத்தில் வைத்தே அமைய வேண்டும்.

கால்களைப் பழக்குதல்

தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளை நாள்தோறும் ஏறி இறங்குவது மூச்சுக்கு நல்ல பயிற்சி. ஆனால் அது போதாது. முழங்கால் இறக்கத்தில் நோகத் தொடங்கிய பிறகு ஏறுவதற்குத்தான் உடல் பழக வேண்டும். அதற்குக் கொடிமலையே மிகப் பொருத்தமான இடம். மலை இரயிலில் மேலே சென்று, ஜீப் சாலையில் தாவரவியல் பூங்கா வரை ஏறக்குறைய 5 கிலோமீட்டர் இறங்கி, அங்கிருந்து திரும்பி அதே சாலையில் மீண்டும் மேலே ஏறுங்கள். முதலில் வெறும் முதுகுப்பையோடும், பின்னர் அதில் பத்துப் பன்னிரண்டு கிலோ சுமையோடும் இதைச் செய்ய வேண்டும். வழியில் இருக்கும் தேநீர்க் கூடத்தில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து. ஆஸ்திரேலியக் காட்டில் எந்தத் தொண்டரும் நமக்காகத் தேநீர் போட்டு வைத்திருக்க மாட்டார். சிமெண்டுச் சாலையில் மட்டும் நடந்தால் கணுக்கால் உறுதிப்படாது என்பதால், தெலுக் பஹாங் தேசியப் பூங்காவில் கெராச்சுட் கடற்கரைக்குச் செல்லும் வேர் நிறைந்த பாதையையும் இடையிடையே சேர்த்துக்கொள்ளலாம்.

எப்போது போவது

ஏப்ரல், மே, செப்டம்பர் ஆகிய மாதங்கள் பொதுவாக ஏற்றவை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான கோடையில் வெப்பமும் காட்டுத்தீயும் இடிமழையும் அச்சுறுத்தும். ஜூன், ஜூலை மாதங்களில் மேல்தளத்தில் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கக்கூடும். குளிரைக் காட்டிலும் நம்மை ஏமாற்றுவது பகலின் நீளம்தான். பினாங்கில் ஆண்டு முழுவதும் இரவு ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும்; ஜூன் மாதச் சிட்னியிலோ மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். உயர்ந்த பாறைச் சுவரின் அடியில் ஓடும் ஓடைக்குள் அதற்கும் வெகு முன்னரே நிழல் விழும். ஒவ்வொருவரும் தலைவிளக்கு ஒன்றும் மாற்று மின்கலங்களும் எடுத்துச்செல்ல வேண்டும். கைத்தொலைபேசியின் விளக்கை நம்பி இறங்குவது அறிவுடைமை ஆகாது.

வரைபடமும் திசைகாட்டியும்

நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு வெளியிடும் 1:25,000 அளவிலான நிலவரைபடத்தைத் தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசிச் செயலி இருந்தாலும் தாள் வேண்டும். ஓடையில் விழும் பொருள்களில் தொலைபேசிக்கே முதலிடம். சமவுயரக் கோடுகள் 10 மீட்டர் இடைவெளியில் வரையப்பட்டிருந்தால், எட்டு மீட்டர் உயரமுள்ள பாறைச் சுவர் ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே முற்றிலும் மறைந்துபோகலாம். வரைபடத்தில் மென்மையான சரிவாகத் தெரியும் இடத்தில் நேரில் நின்று பார்த்தால் கீழே மரங்களின் உச்சி தெரியும். ஆகையால் கோடுகள் நெருங்கும் இடங்கள் அனைத்தையும் பாறைச் சுவராகவே கருதி, அச்சுவரில் எந்தெந்த இடத்தில் இறங்கு வழி இருக்கிறது என்பதை முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வழிகள் மிகச் சிலவே. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது பல கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம்.

திசைகாட்டியில் நம் ஊர்க்காரர்கள் அறியாத சிக்கல் ஒன்று உண்டு. மலேசியாவில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், வரைபடத்தில் அளந்த கோணத்தை அப்படியே பின்பற்றி நடந்தாலும் தவறு நேர்வதில்லை. சிட்னி வட்டாரத்தில் ஊசி உண்மை வடக்கிலிருந்து ஏறத்தாழ 12 பாகை கிழக்கே சாய்ந்து நிற்கும். வரைபடத்தில் அளந்த கோணம் 90 பாகை என்றால், அங்கே திசைகாட்டியில் 78 பாகை வைத்தே நடக்க வேண்டும். இதைக் கழிக்க மறந்து ஒரு கிலோமீட்டர் நடந்தால் ஏறத்தாழ 200 மீட்டர் விலகிப்போவோம்; அடுத்தடுத்து முகடுகள் பிரியும் நிலத்தில் அது வேறொரு பள்ளத்தாக்கில் கொண்டுபோய் விடும். மேலும், நிலநடுக்கோட்டுப் பகுதிக்கெனச் சமன்செய்யப்பட்ட ஊசி தென்கோளத்தில் ஒரு பக்கம் சாய்ந்து கண்ணாடியில் உரசக்கூடும். எனவே உலகின் எல்லாப் பகுதிக்கும் ஏற்ற திசைகாட்டி ஒன்றை வாங்குவது, அல்லது சிட்னியில் இறங்கியபின் அங்கேயே வாங்குவது நல்லது.

முகட்டில் ஒரு விதி, ஓடையில் ஒரு விதி

பாதையற்ற நிலத்தில் வழி தவறுவது எங்கே என்பதை நிலமே சொல்லிவிடும். முகட்டின் வழியே மேலே ஏறும்போது கிளை முகடுகள் எல்லாம் ஒன்றுசேர்ந்துகொண்டே வரும். எந்தக் கிளையில் ஏறினாலும் இறுதியில் ஒரே தாய்முகட்டை அடைவோம். அதே முகட்டில் இறங்கும்போது அது கிளை கிளையாகப் பிரியும். ஒவ்வொரு பிரிவிலும் தவறான கிளையில் இறங்க வாய்ப்பு உண்டு. ஓடை இதற்கு நேர்மாறானது. நீரோட்டத்தோடு கீழே நடந்தால் ஓடைகள் ஒன்றுகூடும். எதிர்நோக்கி மேலே நடந்தால் பிரியும். ஆதலால் முகட்டில் இறங்கும்போதும் ஓடையில் மேல்நோக்கி நடக்கும்போதும் ஒவ்வொரு பிரிவிலும் நின்று, வரைபடத்தை விரித்து, திசைகாட்டியை வைத்துப் பார்த்துவிட்டே அடுத்த அடி எடுத்துவைக்க வேண்டும். குழுவில் வேகமாக நடப்பவரை இவ்விரண்டு இடங்களிலும் முன்னால் விடாதீர்கள்.

ஓடையோடு கீழே நடந்தால் எப்படியும் ஊர் வந்துவிடும் என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. புளூ மவுண்டன்ஸில் அந்த அறிவுரை உயிருக்கே ஆபத்தாகலாம். பீடபூமியின் மேல் மெதுவாக ஓடிவரும் ஓடை, சுவரின் விளிம்பில் அருவியாக விழும்; சில ஓடைகள் கயிறு இல்லாமல் கடக்க முடியாத குறுகிய பாறை இடுக்குகளுக்குள் நுழையும். வழி தவறிவிட்டோம் என்று தெரிந்தால், வந்த வழியே உறுதியாகத் தெரிந்த கடைசி இடத்துக்குத் திரும்பிச் செல்ல வேண்டும். அதுவும் முடியாவிட்டால் ஒரே இடத்தில் தங்கிவிட வேண்டும்.

நேரக் கணக்கை இப்படிப் போடலாம். நான்கு கிலோமீட்டர் மண்சாலைக்கு ஒரு மணி நேரம். பாதையற்ற முகட்டில் இரண்டு கிலோமீட்டர் இறங்க ஒன்றரை மணி நேரம். ஓடைக்குள் மூன்று கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம். பாறைச் சுவரின் இடைவழியாக 500 மீட்டர் உயரம் ஏறி வெளியேற இரண்டு மணி நேரம். ஒன்பது கிலோமீட்டர்தானே என்று எண்ணிய நடை எட்டரை மணி நேரமாகிறது. உணவுக்கும் ஓய்வுக்கும் இன்னும் நேரம் ஒதுக்கவில்லை. குளிர்கால நடுப்பகுதியில் முழுப் பகலே பத்து மணி நேரம்தான். தீயால் எரிந்து மீண்டும் துளிர்த்த முகடாக இருந்தால் இந்தக் கணக்கும் தப்பும். 2019–20 கோடைத் தீக்குப் பின் பல முகடுகளில் இளம் வேல மரங்கள் ஆள் உயரத்துக்கு நெருங்கி வளர்ந்தன. ஹேக்கியா என்னும் புதரின் இலைகள் ஊசிபோல் குத்தும். முழுக்கைச் சட்டை, தடித்த காற்சட்டை, கணுக்கால் உறை, தோட்ட வேலைக்கான கையுறை ஆகியவை இல்லாமல் அதற்குள் புக வேண்டாம்.

பாறை மீது கால் வைத்தல்

உலர்ந்த மணற்கல் உப்புத்தாள் போல் சப்பாத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த நம்பிக்கையோடு அடுத்த அடியை நீர் கசியும் கறுப்பு நிறப் பட்டையில் வைத்தால் வழுக்கி விழுவது உறுதி. ஓடைக்குள் நடக்கும்போது பளபளக்கும் கறுப்புப் பரப்பையும், பட்டை உரிந்த ஈர மரக்கட்டையையும் மிதிக்காமல், ஆழம் குறைவாக இருந்தால் நீருக்குள்ளேயே இறங்கி மணலில் நடப்பது பாதுகாப்பானது. நம் காடுகளில் ஈடு இணையற்றதான ‘அடிடாஸ் கம்போங்’ ரப்பர்ச் சப்பாத்து சேற்றுக்கும் வேருக்கும் ஏற்றது. ஆனால் அதன் முட்கள் பாறையில் போதிய பரப்பைத் தொடுவதில்லை, குளிர்ந்த நீரில் கால் விறைத்துப்போகும். அங்குள்ள ஓடை நடையாளர்கள் நெடுங்காலமாக விரும்பி அணிந்தது தட்டையான ரப்பர் அடியுள்ள டன்லப் வாலி என்னும் துணிச் சப்பாத்து. நல்ல ரப்பர் அடியுள்ள எந்த நடைச் சப்பாத்தும் போதும். முன்பே பலமுறை ஈரத்தில் போட்டு நடந்து பழகியிருக்க வேண்டும்.

பருத்தி உடை நனைந்தால் உலராது, உடல் வெப்பத்தை இழக்கச் செய்யும். கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடையும் மழைச்சட்டையும், நீர்புகாத பைக்குள் ஒரு மாற்று உடையும் கட்டாயம் இருக்க வேண்டும். மேல்நிலத்தில் பெய்யும் மழையால் ஓடை திடீரெனப் பெருகும். ‘கெப்பாலா ஆயர்’ என்று நாம் அஞ்சுவது அங்கேயும் நேரும். பாறை இடுக்குகளில் கரையேற இடமே இராது. மழை முன்னறிவிப்பு இருந்தால் முகட்டு நடையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

குடிநீரைப் பொறுத்தவரை, ஓடையின் மேற்புறத்தில் ஊர் இருக்கும் என்பதை மறவாமல், கொதிக்கவைத்தோ வடிகட்டியோ குடியுங்கள். முகட்டில் நீரே இராது. ஓடையை விட்டு ஏறுமுன் ஒருவர் மூன்று லிட்டராவது நிரப்பிக்கொள்ள வேண்டும்.

தீ, பாம்பு, கிளை

தீ அபாய நிலை ‘எக்ஸ்ட்ரீம்’ அல்லது ‘கேட்டஸ்ட்ரோபிக்’ என அறிவிக்கப்பட்ட நாளில் காட்டுக்குள் போகவே கூடாது. அதற்குக் குறைந்த ‘ஹை’ நிலையிலும் ஒடுங்கிய பள்ளத்தாக்குக்குள் நான் யாரையும் அழைத்துச்செல்ல மாட்டேன். பழுப்புப் பாம்பும் செவ்வயிற்றுக் கரும்பாம்பும் வெப்ப நாள்களில் பாறை மேல் கிடக்கும். ஒதுங்கிப் போனால் அவையும் போய்விடும். கடித்துவிட்டால் இரத்த ஓட்டம் நிற்கும்படி கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, கழுவுவது எதுவும் வேண்டாம். அகலமான நெகிழ்துணிக் கட்டால் கடித்த இடத்தையும், பிறகு விரல்களிலிருந்து மேல்நோக்கி அந்தக் காலையோ கையையோ முழுவதும் சுற்றி, குச்சி வைத்து அசையாமல் செய்து, அவரை நடக்கவிடாமல் படுக்கவைத்து உதவியை அழைக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு கட்டுகள் பையில் இருக்கட்டும். இரவில் கூடாரத்தைப் பெரிய யூக்கலிப்டஸ் கிளைகளுக்குக் கீழே போடாதீர்கள். காற்றில்லாத இரவிலும் அவை முறிந்து விழும்.

விமான நிலையத்தில்

சப்பாத்தின் அடியில் ஒட்டியிருக்கும் கொடிமலை மண்ணைப் பல்துலக்கி கொண்டு தேய்த்துக் கழுவி உலர்த்திய பிறகே பெட்டியில் வையுங்கள். கூடாரத்தின் முளைகளையும் மறக்க வேண்டாம். காட்டில் பயன்படுத்திய பொருள்களையும் எல்லா உணவுப் பொருள்களையும் ஆஸ்திரேலிய வருகை அட்டையில் அறிவித்துவிட வேண்டும்; அறிவிக்காமல் அகப்பட்டால் தண்டம் கடுமையானது. இது வெறும் சம்பிரதாயம் அன்று: மண்ணில் பரவும் பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிர் அங்குள்ள மரங்களின் வேரை அழுகச் செய்கிறது. நெத்திலிச் சம்பலையும் கறித்தூளையும் கொண்டுபோய் அதிகாரியிடம் விளக்கிக்கொண்டிருப்பதைவிட, சிட்னியிலேயே அரிசியும் பருப்பும் வாங்குவது எளிது. அடுப்புக்கான எரிவாயுக் குடுவையை விமானத்தில் கொண்டுபோக முடியாது. அதையும் அங்கேதான் வாங்க வேண்டும்.

முதல் நடை எது

முதன்முறை செல்வோர் பாதையற்ற நிலத்தில் தொடங்காமல், பிளாக்ஹீத் ஊரை அடுத்த பெரிஸ் லுக்டவுனிலிருந்து 600 மீட்டருக்கு மேல் இறங்கி குரோஸ் பள்ளத்தாக்கின் புளூ கம் காட்டுக்குச் சென்று வரலாம். ஒருவர் குத்தகைக்கு எடுத்து வெட்டவிருந்த அந்த மரங்களை 1930களின் தொடக்கத்தில் காட்டுநடைக் குழுவினர் 130 பவுண்டு திரட்டிக் கொடுத்து மீட்டார்கள். நிலச்சரிவால் பாதைகள் மூடப்படுவது அடிக்கடி நிகழ்வதால், புறப்படும் வாரத்தில் தேசியப் பூங்காத் துறையின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தாக்கில் தொலைபேசித் தொடர்பு கிடைக்காது. செயற்கைக்கோள் வழியாக 406 மெகாஹெர்ட்ஸில் அபாயச் சைகை அனுப்பும் பீக்கன் கருவியை வாடகைக்கு எடுங்கள். புளூ மவுண்டன்ஸில் அதை இரவலாகத் தரும் ஏற்பாடும் உண்டு. வழித்தடம், உடன் செல்வோர் பெயர், திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதி ஒருவரிடம் கொடுக்க வேண்டும். அந்த ஒருவர் பினாங்கில் இருக்கும் அண்ணனோ அக்காளோ ஆக இருப்பதைவிட ஆஸ்திரேலியாவிலேயே இருப்பவராக இருப்பது மேல். அங்குள்ள அவசர எண்ணான 000-ஐ மலேசியாவிலிருந்து அழைத்தால் அங்கே போய்ச் சேராது. சிட்னி நேரம் நம் நேரத்தைவிட இரண்டு மணி நேரமும், அக்டோபர் தொடக்கம் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை மூன்று மணி நேரமும் முந்தியது என்பதால், “இரவு எட்டு மணிக்குள் அழைக்காவிட்டால் காவல்துறைக்குச் சொல்லுங்கள்” என்று எழுதும்போது எந்த ஊர் எட்டு மணி என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.