விழாவுக்குப் படம் அனுப்ப முதல்: வன்னிக் குறும்படக்காரர் விடும் பிழைகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எங்கும் குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் கூடிவிட்டார்கள். கமரா வாடகைக்குக் கிடைக்கிறது, எடிட்டிங்கை வீட்டுக் கணினியிலேயே முடிக்கலாம், நடிக்கக் கூப்பிட்டால் ஊரே வரும். படம் முடிந்த கையோடு அடுத்த கதை, "சர்வதேச விழாவுக்கு அனுப்புவம்." நல்ல கதைதான். ஆனால் எந்த விழா, அங்கே யார் படத்தைப் பார்க்கிறார்கள், எதற்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்று விசாரிக்காமல் அனுப்புவதால் காசும் போகிறது, நல்ல படமும் யார் கண்ணிலும் படாமல் போகிறது.

வந்த படமெல்லாவற்றையும் நடுவர்களே பார்த்துத் தெரிவு செய்கிறார்கள் என்ற நினைப்பில்தான் பாதிப் பிழைகள் தொடங்குகின்றன. நடுவர் வருவது கடைசியில். முதலில் முன்தெரிவாளர்கள் பார்ப்பார்கள். அனேகமாக வேறு வேலைகளுக்கு நடுவில், வீட்டில் இருந்து, மடிக்கணினியில், ஒன்றன்பின் ஒன்றாக. அவர்கள் நல்லது என்று குறித்துவிட்டதை விழாவின் தெரிவுக்குழு பார்த்து நிகழ்ச்சியை அடுக்கும். அந்தக் குழு போட்டிப் பிரிவில் வைத்த படங்கள் மட்டும்தான் நடுவர் முன் போகும். பிரான்சில் நடக்கும் கான் விழாவின் குறும்படப் போட்டிக்கு 2024இல் 4,400க்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. போட்டிக்குப் போனவை 11. மற்றப் படங்கள் வந்ததே நடுவர்களுக்குத் தெரிந்திராது. "நடுவருக்கு எங்கட படம் பிடிக்கேல்லை" என்று கவலைப்படுகிறவர்களில் பெரும்பாலானோர் நடுவர் இருக்கிற திசைக்கே போகாதவர்கள்.

ஆகவே முதலில் நினைக்க வேண்டியது அந்த முன்தெரிவாளரை. நம்மூர்க் குறும்படம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். தயாரிப்பு நிறுவனத்தின் இலச்சினை சுழன்று வரும். அடுத்து அனுசரணை தந்த கடைகள். அடுத்து நன்றி: பாடசாலை அதிபர், கிராம சேவையாளர், வாகனம் தந்த அண்ணா, லண்டனிலிருந்து காசு அனுப்பிய மாமா. பிறகு இரணைமடுக் குளத்துக்கு மேலே ட்ரோன், ஏ9 வீதிக்கு மேலே ட்ரோன், பனைகளுக்கு நடுவே சூரியன். கதாநாயகி வாய் திறக்கும்போது நாலாவது நிமிடம். பொதுநோக்கு மண்டபத்தில் போட்டால் இதற்கெல்லாம் கைதட்டு விழும். முன்தெரிவாளர் அதற்குள் அடுத்த படத்துக்குப் போயிருப்பார். நன்றியைக் கடைசியில் போடுங்கள், மாமா கோபிக்க மாட்டார். ட்ரோன் காட்சியை வெட்டிவிட்டு ஒருமுறை படத்தைப் பாருங்கள். கதையில் எதுவும் குறையவில்லை என்றால் அது தேவையில்லை.

நீளமும் இதோடு சேர்ந்ததுதான். கான் குறும்படப் போட்டியின் எல்லை, எழுத்தோட்டத்தையும் சேர்த்து 15 நிமிடம். பெர்லின் விழாவில் 30 நிமிடம். எல்லையை ஒரு நிமிடம் தாண்டினாலும் படம் வெளியே. எல்லைக்குள் இருந்தாலும் இன்னொரு கணக்கு இருக்கிறது. குறும்படங்களை விழாக்களில் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத் தொகுப்புகளாகத்தான் போடுவார்கள். 28 நிமிடப் படம் ஒன்றை எடுத்தால், ஒன்பது நிமிடப் படங்கள் மூன்றைக் கைவிட வேண்டும். இரண்டு காட்சியை வெட்ட மனம் வரவில்லை என்பதற்காகப் படத்தை இழுத்தடிப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

அடுத்தது, விழாவின் பெயரையும் அதற்குள் இருக்கும் பிரிவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. "கானில் தெரிவானது" என்று முகநூலில் ஒரு படம் ஓடினால், எந்தக் கதவால் உள்ளே போனது என்று கேளுங்கள். கானின் முதல் பரிசான தங்கப்பனைக்குப் போட்டியிடும் படங்கள் ஒரு பக்கம். போட்டிக்கு வெளியே காட்டப்படும் படங்கள் இன்னொரு பக்கம். ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' ஆவணப்படம் 2017இல் அப்படித்தான் சிறப்புக் காட்சியாகப் போனது. அதே நாட்களில் அதே ஊரில் நடக்கும் விமர்சகர் வாரமும் இயக்குநர் பதினைந்து நாளும் தனி அமைப்புகள் நடத்துபவை. அவற்றின் தெரிவுக்குழு வேறு, பரிசும் வேறு. இவை எல்லாமே பெருமைக்குரியவைதான். ஆனால் கானின் திரைப்படச் சந்தையோடு சேர்ந்த குறும்பட மூலை அந்த வகை அல்ல. அங்கே படம் இருப்பது போட்டிக்குத் தெரிவானதாகாது. விநியோகஸ்தரைச் சந்திக்கப் போகிறவருக்கு அது உதவும். அதைத் 'தெரிவு' என்று பதாகையில் அடித்து மாங்குளம் சந்தியில் கட்டினால், ஊருக்குத் தெரியாவிட்டாலும் அடுத்த விழாக்காரருக்குத் தெரியும்.

'தீபன்' விசயத்திலும் இதே குழப்பம் உண்டு. 2015இல் தங்கப்பனை வாங்கிய அந்தப் படத்தில் பெரும்பகுதி தமிழ்தான் கேட்கும். முக்கியப் பாத்திரத்தில் நடித்தவர் நம் எழுத்தாளர் ஷோபாசக்தி. ஆனால் அது ஜாக் ஒடியார் இயக்கிய பிரெஞ்சுப் படம். சிறந்த நடிகர் பரிசு அந்த ஆண்டு வன்சான் லந்தோனுக்குப் போனது. ஈழப் படம் கான் வென்றது என்று எழுதுவதை விட, நடந்ததை நடந்தபடி எழுதினாலே போதுமான பெருமை அதில் இருக்கிறது.

காசு போகிற பிழைக்கு வருவோம். விழாக்களுக்குப் படம் அனுப்ப உதவும் பிலிம்ஃப்ரீவே போன்ற இணையத்தளங்களில் ஆயிரக்கணக்கான விழாக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு கூட்டம் மாதாமாதம் பரிசு கொடுக்கும். பெயரில் பாரிஸ், டோக்கியோ, நியூயோர்க் என்று ஒரு பெரிய நகரம் இருக்கும். மண்டபம் இருக்காது, காட்சி நேரம் இருக்காது, நடுவர் யார் என்று எழுதியிருக்காது. பரிசுப் பிரிவு மட்டும் எண்ண முடியாத அளவு: சிறந்த பதாகை, சிறந்த முதல் மொபைல் குறும்படம், சிறந்த ஆசிய சமூகக் குறும்படம். அனுப்பினால் அரையிறுதி, பிறகு இறுதி, பிறகு வென்றவர். கிண்ணம் வேண்டுமென்றால் அதற்கும் தனிக்காசு. நம்மிடம் வெளிநாட்டுக்குக் கட்டும் கார்ட் இல்லாததால் கனடாச் சித்தப்பாவின் கார்ட்டில் இருபது, முப்பது டொலராகப் போய்க்கொண்டே இருக்கும். அந்தக் காசைச் சேர்த்திருந்தால் ஒரு நல்ல ஒலிப்பதிவுக்காரரை இரண்டு நாள் பிடித்திருக்கலாம்.

கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. சென்ற ஆண்டு எந்த மண்டபத்தில், எத்தனை மணிக்கு எந்தப் படம் போட்டார்கள் என்ற அட்டவணை இருக்கிறதா? நடுவர்களின் பெயர்கள் இருக்கின்றனவா, அவர்கள் என்ன செய்தவர்கள்? அங்கே போய் வந்த ஒரு இயக்குநரிடம் இரண்டு வரி எழுதிக் கேட்க முடியுமா? மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். உண்மையான விழாக்கள் சிலவற்றில் கட்டணமே இல்லை. கட்டணம் உள்ளவையும் முதல் முடிவுத் திகதிக்குள் அனுப்பினால் குறைவாக வாங்கும். கிளிநொச்சியில் இருந்து அனுப்புகிறோம், கட்ட வசதியில்லை என்று மரியாதையாக எழுதினால் தள்ளுபடி செய்பவர்களும் உண்டு. கேட்க வெட்கப்படாதீர்கள்.

இனி, எனக்கு அதிகம் உறுத்துகிற விசயம். வன்னியில் இருந்து அனுப்பினால் போர்தான் இருக்க வேண்டும், அழுகை இருந்தால்தான் வெள்ளைக்கார நடுவர் அசைவார் என்று ஒரு எண்ணம் நிலைத்துவிட்டது. போரைப் பற்றி எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. அதற்குள்ளால் வந்த மண் இது. ஆனால் தெரிவாளர்கள் உலகம் முழுவதிலிருந்தும் போர்ப்படம் பார்க்கிறவர்கள். பின்னணியில் வயலின், வெடித்த பங்கருக்கு முன்னால் அழும் தாய், கையில் சட்டம் போட்ட படம்: இதை அவர்கள் வேறு பல நாடுகளின் பெயரில் பார்த்துவிட்டார்கள். அவர்கள் பார்க்காதது வேறு. கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகும் பெண் விடியமுதல் எழுந்து கட்டும் சோற்றுப் பார்சல். மீள்குடியேறி வந்தவர் தன் காணி எல்லையைக் கதியால் கூட இல்லாத பற்றைக்குள் தேடும் விதம். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் நெதர்லாந்தின் ரொட்டர்டாம் விழாவில் டைகர் விருதை வாங்கியது. அதில் இருப்பது வெயிலில் நடக்கும் ஒரு தகப்பனும் மகனும். விசாகேச சந்திரசேகரத்தின் 'Munnel' (மணல்) என்ற தமிழ்ப் படம் 2023இல் அதே விழாவில் நடுவர் சிறப்பு விருது வாங்கியது. அது ஊர் திரும்பிய முன்னாள் போராளி ஒருவனைப் பற்றியது. போர் அங்கே கதைக்குள் இருக்கிறது, சத்தமாக இல்லை.

ஆவணப்படக்காரருக்கு இதில் இன்னொரு பொறுப்பும் உண்டு. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்தை எத்தனையோ கமராக்கள் எடுத்துவிட்டன. அந்த அம்மாக்கள் பேசச் சம்மதிப்பார்கள். பேசிப் பேசியே களைத்தவர்கள். ஆனால் விழா என்றால் என்ன என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்டதா? அந்த முகம் ஜெர்மனியிலும் கொழும்பிலும் திரையில் வரும், பிறகு இணையத்துக்கும் வரும், அதை யாரும் பார்க்கலாம் என்று விளக்கமாகச் சொல்லி, அதன்பிறகு சம்மதம் வாங்குங்கள். எழுத்தில் வாங்குங்கள், அல்லது கமரா முன்னாலேயே அவர் சொல்லட்டும். "முகம் வேண்டாம், குரல் மட்டும்" என்று பிறகு ஒருநாள் அவர் மனம் மாறினால் வெட்டுவதற்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். 2009 காலக் காட்சிகளை யூடியூபில் இருந்து இறக்கி ஒட்டுவதும் இதே வகைப் பிழை. யார் எடுத்தது, யாரிடம் உரிமை என்று விழா கேட்கும்போது பதில் இருக்காது. சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டவருக்கும் அதே கதி.

தொழில்நுட்பப் பிழைகளில் ஒன்றை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்: சப்டைட்டில். முல்லைத்தீவுக் கடற்கரை, உச்சி வெயில், வெள்ளை மணல், வெள்ளைச் சேலை கட்டிய பாட்டி. கீழே வெள்ளை எழுத்தில் சப்டைட்டில். ஒரு சொல் வாசிக்க முடியாது. எழுத்துக்கு மெல்லிய கறுப்பு ஓரம் கொடுத்தாலே போதும், அதைச் செய்ய மறந்த படங்கள் நிறைய. இரண்டு வரிக்கு மேல் போகாதீர்கள். பேச்சு முடிய முன் எழுத்து மறையக் கூடாது. மொழிபெயர்ப்பைக் கணினியிடம் மட்டும் விடாதீர்கள். எறிகணையை நினைத்து "செல் விழுந்தது" என்று பாட்டி சொன்னதற்கு அது என்ன போடும் என்று சொல்ல முடியாது. ஆங்கிலம் தெரிந்த ஆனால் படத்தைப் பார்க்காத ஒருவரிடம் சத்தத்தை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். அவருக்குக் கதை விளங்கினால் சரி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். தைப்பொங்கலுக்கு யூடியூபில் வெளியிட்டுவிட்டுப் பிறகு விழாவுக்கு அனுப்பாதீர்கள். முதல் காட்சியைத் தங்களிடமே கேட்கும் விழாக்கள் பல. ஊர்ச் சனசமூக நிலையத்தில் போடுவது பெரும்பாலும் பிரச்சினையில்லை, ஆனாலும் விதியை வாசியுங்கள். அனுப்பும் இணைப்பைத் திறக்க அனுமதி கேட்கும்படி வைக்காதீர்கள், கடவுச்சொல்லை இடையில் மாற்றாதீர்கள். கடைசித் திகதி எந்த நாட்டு நேரம் என்று பாருங்கள். மல்லாவியில் இருந்து மொபைல் டேட்டாவில் பெரிய கோப்பு ஏற்றுவதென்றால் ஒரு முழு இரவு தேவைப்படலாம்.

போட்டிக்குள் போய்விட்டது, பரிசு வரவில்லை. உடனே அரசியல், பாரபட்சம் என்று எழுதத் தொடங்குவார்கள். நடுவர் குழு என்பது ஐந்தோ ஒன்பதோ பேர் ஓர் அறைக்குள் இருந்து வாதாடுவது. 1991இல் அமெரிக்க இயக்குநர்களான கோவன் சகோதரர்களின் ஒரே படம் கானில் தங்கப்பனை, சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் மூன்றையும் அள்ளியது. இப்போது தங்கப்பனை பெற்ற படத்துக்கு வேறு பரிசைச் சேர்த்துக் கொடுக்க விதி இடம் தராது, ஆகவே நடுவர்கள் பரிசுகளைப் பங்கிட்டுத்தான் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் இரண்டாவதாகப் பிடித்த படம் சில வேளை முதல் பரிசை வாங்கும். இரண்டு பேருக்கு உயிராகப் பிடித்த படம் வெறுங்கையோடு போகும். நடுவருக்குத் தனிப்பட எழுதுவதும், நண்பரைப் பிடித்துச் சொல்விப்பதும் படத்துக்குக் கேடு. பிரதான நடுவர் தவிர விமர்சகர்களின் ஃபிப்ரெஸ்கி, ஆசியப் படங்களுக்கான நெட்பேக் என்று வேறு நடுவர் குழுக்களும் சில விழாக்களுக்கு வரும். அவர்கள் கொடுப்பதும் மதிப்புள்ளதே. இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று நேரில் பார்க்க வெளிநாடு போகத் தேவையில்லை. 2015இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா இருக்கிறது. கிளிநொச்சியில் பஸ் ஏறினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். தன் படம் ஓடாத ஆண்டில் அங்கே போகிறவர் மிகக் குறைவு என்பது வேறு கதை.

கடைசியாகக் கடவுச்சீட்டு. அழைப்பு வந்த பிறகு அதற்கு ஓடினால் காலம் போதாது; வவுனியாவில் அலுவலகம் இருக்கிறது, படம் அனுப்பும் மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். ஐரோப்பிய ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும், கொழும்பில் நேரம் எடுப்பதற்கே நாள் போகும். விழா ஒருவருக்கு அறை தரலாம், எல்லா விழாவும் விமானச் சீட்டுத் தராது. கமராக்காரரையும் நடிகரையும் கூட்டிப் போவதென்றால் அது உங்கள் செலவு. போக முடியாது என்று தெரிந்தால் முன்கூட்டியே எழுதுங்கள், காணொளி வழியாகக் கேள்வி பதிலுக்கு ஒழுங்கு செய்து தருவார்கள்.