பாண்டி பஜார் மாறுகிறது: நின்ற இடத்திலேயே மீண்டும் நின்று படமெடுப்பது எப்படி?

தியாகராய நகரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பும் பின்பும் அந்தச் சாலையை நிறையப் படமெடுத்திருக்கிறேன். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்தால் பொருந்தவில்லை. எந்தக் கட்டடம் போனது, சாலை எவ்வளவு சுருங்கியது என்று சொல்ல முடியாத படங்களாகிவிட்டன. அந்த இழப்பு இன்னும் வலிக்கிறது. பனகல் பூங்காவைச் சுற்றி இப்போது மெட்ரோ வேலை நடக்கிறது. இம்முறையாவது ஒழுங்காகப் பதிய வேண்டும் என்று பழகிக்கொண்ட முறை இது.

முதலில், நிலையான ஓர் அடையாளத்தைத் தேர்ந்தெடுங்கள். பழைய கட்டடத்தின் மூலை, மாடிக் கைப்பிடிச் சுவர் போன்றவை நல்லவை. மரத்தையும் கடைப் பெயர்ப்பலகையையும் நம்பாதீர்கள். முதலில் காணாமல் போவது அவைதான். நின்ற இடத்தைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்: "கடை வாசல்படியிலிருந்து சாலை நோக்கி நான்கு அடி". கைப்பேசி காட்டும் இருப்பிடம் சில மீட்டர் பிசகும். இந்த வேலைக்கு அது போதாது.

அடுத்தது நான் பல மாதம் தடுமாறிய படி. பழைய படத்தோடு பொருந்தவில்லையென்றால் ஜூம் செய்து சரிக்கட்டப் பார்ப்போம். அது நடக்காது. ஜூம் எல்லாவற்றையும் ஒரே அளவில்தான் பெரிதாக்கும்; கிட்டே உள்ளதற்கும் தொலைவில் உள்ளதற்கும் இடையிலான உறவு, நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஆகவே கிட்டே ஒரு விளக்குக் கம்பம், தொலைவில் ஒரு கட்டட மூலை என இரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய படத்தில் இருந்ததைவிடக் கம்பம் அந்த மூலைக்கு வலப்பக்கம் தள்ளித் தெரிகிறதா? நீங்களும் வலப்பக்கம் நகருங்கள். இடப்பக்கம் தெரிந்தால் இடப்பக்கம். கட்டடத்தோடு ஒப்பிடக் கம்பம் மிகப் பெரிதாகத் தெரிந்தால் பின்னால் போங்கள். அரை அடி நகர்ந்தாலே வித்தியாசம் தெரியும். இடம் பொருந்திய பிறகுதான் ஜூம்.

பழைய படத்தைத் தாளில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். மேல்பொருத்திக் காட்டும் செயலிகளும் உண்டு. எனக்குத் தாள்தான் பிடிக்கும். சென்னை வெயிலில் திரை கண்ணுக்குத் தெரிவதில்லை. முக்காலியும் வேண்டாம், அந்தக் கூட்டத்தில் யாராவது தடுக்கி விழுவார்கள்.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். பாண்டி பஜார் இருக்கும் தியாகராயா சாலை ஏறக்குறைய கிழக்கு மேற்காகச் செல்கிறது. காலையில் மேற்கே பனகல் பூங்கா பக்கம் பார்த்து எடுத்தால் வெயில் முதுகில் விழும். ஆனால் நேரம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, மாதமும் ஒத்துப்போக வேண்டும். ஜூனில் நண்பகல் சூரியன் சென்னைக்குச் சற்று வடக்கே நிற்கும், டிசம்பரில் நன்றாகத் தெற்கே சாயும். நிழல் விழும் பக்கமே மாறிவிடும்.

சாலையோர வியாபாரிகளை எடுப்பதற்கு முன் கேளுங்கள். இடம்பெயர்ந்த கதையை அவர்களே சொல்வார்கள். அதையும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். கட்டுமானத் தடுப்புக்குள் நுழைய வேண்டாம்.

பின்சேர்க்கை: தடுப்பு வேலி நகர்ந்து, நின்ற இடமே உள்ளே போய்விட்டது என்று இருவர் எழுதியிருந்தார்கள். எனக்கும் நேர்ந்தது. அதனால் ஒவ்வொரு காட்சிக்கும் எதிர்ச்சாரியிலும் ஓர் இடம் வைத்திருக்கிறேன். இன்னொருவருக்குத் தேதி விவரம் அழிந்துவிட்டது. படத்தை அரட்டைச் செயலியில் அனுப்பும்போது சாதாரணப் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். மூலப் பிரதியைத் தனியே சேமித்து வையுங்கள்.